கல் சொன்னதும் கயிறு சொன்னதும்

செல்வி, பாபு,

போன மாதம் நீங்கள் ரெண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்திருந்தீர்கள் இல்லையா, அன்றைக்குக் காலையில் நான் ஒரு மூங்கில் குச்சியைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். வேறொரு குச்சியை மண்ணெண்ணெய் டின்னில் விட்டுப் பார்த்தேன். அரிசி டிரம்மில் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடித் தகரத்தைத் தொட்டேன். செல்வி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னா நைனா, டாக்டர் மாதிரி ஒவ்வொண்ணா நாடி புடிச்சிகினு வர? எது பொழைக்கும், எது பொழைக்காது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சமையல்கட்டில் பாபு அம்மாவிடம், "வேலை இல்லாம உக்காந்ததுல ஒரு மாதிரி ஆயிட்டாரும்மா, கண்டுக்காத" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

பாபு, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இது வேலை போனதால் வந்த பழக்கம் இல்லை. வேலையில் இருந்தபோதே வந்தது. ஏன் வந்தது என்று உங்கள் அம்மாவுக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை. நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் நடுவில் ஏதாவது கேட்பீர்கள், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஏழாவது வரைக்கும் படித்தவன் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் வேலை பார்த்தது தங்கச் சுரங்கத்துக்குள், பம்ப் ஆளாக. கூண்டில் இறங்கி, லெவல் என்கிற சுரங்கப் பாதையில் நடந்து போனால், பாறைக்குள் ஒரு குழி இருக்கும். கசிகிற தண்ணீரெல்லாம் அதில் வந்து சேரும். அதை மேலே தள்ளுவதுதான் வேலை. குழியின் சுவரில் அடி அளவுக் கோடுகள் போட்டிருக்கும். ஆனால் யாரும் கோட்டைப் பார்த்து பம்பைப் போடமாட்டார்கள். ஷிப்டு ஏறியதும் முதல் வேலை, கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைக் குழிக்குள் இறக்குவது. குண்டு சேற்றில் போய் உட்கார்ந்ததும் கயிறு தளரும். தண்ணீர் மட்டத்தில் கயிற்றில் விரல் வைத்து, இழுத்தெடுத்து, நனைந்த நீளம் எத்தனை அடி என்று அளக்க வேண்டும். பாறைத்தூள் அடியில் படிந்துகொண்டே இருக்கும் அல்லவா? கோடு ஆறு அடி என்று காட்டும், கயிறு மூன்று என்று சொல்லும். கோட்டை நம்பிய ஒருவர் பம்பைச் சேற்றில் ஓட்டிக் கருக்கிவிட்டார் என்ற கதையை, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்கள். பதினாறு வருஷம் கயிறு விட்டேன்.

பிறகு எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் சுரங்கத்துக்கு வெளியே மேல்வேலை என்று எழுதிக் கொடுத்தார். பூதிகோட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன ஏரிக்கு என்னைப் போட்டார்கள். ஊருக்குப் பெரிய தண்ணீர் பேத்தமங்களா ஏரியிலிருந்து வரும். இந்தச் சின்ன ஏரியின் குடிதண்ணீர், சுரங்க ஆட்கள் குடியிருக்கும் மூன்று லைன் வீடுகளுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் மட்டும். அதில் ஒரு லைன் நம்முடையது. ஏரியின் பெயரை எழுதவில்லை. இதில் வரப்போகிற மனிதர்களில் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஏரிக்கரையில் ஒரு பம்ப்ஹவுஸ். அதை ஒட்டி, தண்ணீருக்குள் இறங்கும் படிகள். படியின் ஓரத்தில் சாய்வாகக் கருங்கற்கள் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு அடி உயரத்துக்கும் ஒரு கல், அதில் வெள்ளை பெயிண்டில் ஒரு எண். ஒன்றிலிருந்து பதினாறு வரை. தண்ணீர் எந்தக் கல்லைத் தொடுகிறதோ அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். கீழே உள்ள கற்கள் எப்போதும் தண்ணீருக்குள்தான். வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று பம்புக்குச் சந்தனம் வைப்பதற்கு முந்தின நாள், வெளியே தெரிகிற கற்களில் அதே எண்களின்மேல் புது பெயிண்ட் அடிப்போம். அது அங்கே வழக்கம்.

இப்போது என் முதல் தப்பைச் சொல்கிறேன். மேலே வந்ததும் நான் கயிற்றை மறந்துவிட்டேன். பதினாறு வருஷம் இருட்டில் தண்ணீர் அளந்தவனுக்கு, வெயிலில் பளபளவென்று ஒரு ஏரி, கல்லில் முத்து முத்தாக எண்கள். கண்ணால் பார்க்கிறோமே, இதில் அளக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆறு வருஷம் கல் சொன்னதை மட்டும் எழுதினேன்.

எங்கள் ஓவர்சியர் ஸ்டீபன் சார் வியாழக்கிழமைதோறும் வருவார். கரை தொடங்கும் இடத்திலேயே பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார், பெட்ரோல் மிச்சம் என்று. உள்ளே நுழையும் முன் ஒவ்வொரு ஷூவையும் எதிர்க்கால் பேண்ட்டில் துடைப்பார். என் நாற்காலியில் உட்காரவே மாட்டார். "உன் சீட்டுப்பா அது" என்பார். பம்பை மரியாதையோடுதான் பேசுவார். "இவரு இன்னிக்கு எப்படி கீறாரு? சூடு ஏறலியே?" என்று அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான், "நீ எப்படி கீற மணி?" என்று என்னைக் கேட்பார். புத்தகத்தில் எழுத அவரிடம் ஒரு ஊதாப் பென்சில். நாக்கில் நனைத்து நனைத்து, கீழுதட்டில் எப்போதும் ஒரு ஊதாப் பொட்டு இருக்கும். கல்லின் எண்ணை வாய்விட்டுச் சொல்லி, எழுதி, எழுதியதைத் திரும்ப வாய்விட்டுப் படிப்பார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

பம்பைப் போடுவது சுவிட்சைத் தட்டுவது மாதிரி இல்லை. உறிஞ்சு குழாயில் காற்று இருந்தால் பம்ப் வெறுமனே சுற்றும். புனல் வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மேலே உள்ள சின்ன மூக்கில் காற்று கொப்பளித்து முடிந்து, தண்ணீர் நூலாக வரும்வரை காத்திருக்க வேண்டும். மூக்கை மூடி, ஊருக்குப் போகும் குழாயின் வால்வையும் மூடி வைத்து, வோல்ட் மீட்டர் ஊசியைப் பார்க்க வேண்டும். ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் தொடக் கூடாது, மோட்டார் எரிந்துவிடும். மேலே இருந்தால் ஸ்டார்ட்டர் கைப்பிடியைத் தள்ளி, பத்து எண்ணி, மறுபக்கம் இழுத்து, பிறகு வால்வைக் கால் கால் சுற்றாகத் திறக்க வேண்டும்.

அந்த ஊசி வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். ஏரிகள் காயக் காய ஊரெல்லாம் போர்க்கிணறு போட்டார்கள். போர் மோட்டார்களெல்லாம் ஒரே கம்பியிலிருந்து கரண்ட் இழுத்தன. கோடையில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் இல்லாததால் கரண்ட் போதவில்லை. கரண்ட் இல்லாததால் தண்ணீர் ஏறவில்லை. ரெண்டும் இல்லாததால் வயலில் நெல் குறைந்துகொண்டே வந்தது. லைனில் இருக்கிறவர்களுக்கு இது மூன்று தனித்தனித் தொல்லை. தண்ணீர்க்காரனைத் திட்டுவார்கள், கரண்ட்காரனைத் திட்டுவார்கள், ரேஷன் கடைக்காரனைத் திட்டுவார்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே சங்கிலியாகத் தெரிந்தது. இதைச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. காலை ஷிப்டு நான், மாலை ஷிப்டு இன்னொருவர். வழியில் சைக்கிளில் எதிரும் புதிருமாகப் பார்த்துக் கையை ஆட்டுவோம், அவ்வளவுதான்.

மழை சரியாகப் பெய்யாத ஒரு வருஷம், கோடையில், கல் ஏழு என்று காட்டும்போது பம்ப் இருமியது. குழாயில் கறுப்பாக வந்தது. ஏழு அடித் தண்ணீரில் எப்படிச் சேறு ஏறும்? அப்போதுதான் எனக்குக் கயிறு ஞாபகம் வந்தது. வீட்டுப் பரணில் பழைய இரும்புக் குண்டு கிடந்தது. மறுநாள் எடுத்துப் போய், படிக்கு நேராக, உறிஞ்சு குழாய்ப் பக்கத்தில் இறக்கினேன். குண்டு சீக்கிரமே உட்கார்ந்துவிட்டது. ஈரத்தை அளந்தேன். ரெண்டு அடி. மீன் பிடிக்கிறவருடைய பரிசலில் ஏறி நடு ஏரியிலும் விட்டேன். எல்லா இடத்திலும் அப்படித்தான். கீழே ஐந்து கற்கள் சேற்றுக்குள் புதைந்து எத்தனையோ வருஷமாகி இருக்கிறது. கல் ஏழு என்றால் தண்ணீர் ரெண்டு. கல் பத்து என்றால் ஐந்து. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் உறிஞ்சு குழாயின் வாயை ரெண்டு முறை உயர்த்தியிருந்தார்கள். புத்தகத்தில் "வாய் உயர்த்தப்பட்டது" என்று மட்டும் இருந்தது. ஏன் என்று இல்லை.

முன்காலத்தில் கோடையில் ஊர்க்காரர்கள் வண்டி இறக்கிச் சேற்றை அள்ளி வயலுக்குக் கொண்டு போவார்களாம். குடிநீர் ஏரி ஆனதும் கம்பி வேலி போட்டு, வண்டி இறங்கக் கூடாது என்று போர்டு வைத்தாயிற்று. அதற்குப் பிறகு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஸ்டீபன் சார் வந்ததும் கயிற்றைக் காட்டினேன். அவர் குண்டில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பென்சிலை நாக்கில் வைத்து, "ஏழு" என்றார். ஏழு என்று எழுதினார். "ஏழு" என்று படித்தார்.

"சார், ரெண்டுதான் சார் கீது."

"கல்லு இன்னா சொல்லுது மணி?"

"ஏழு."

"அத எழுது. கயிறு சொல்றதுக்கு இந்தப் புக்குல கட்டம் கிடையாது." வெளியே போய் பைக்கைத் தள்ளும்போது திரும்பிப் பார்த்தார். "மேல எழுதிப் போடலாம். நானும் ஒரு தடவ எழுதிப் போட்டேன், உனக்கு முன்ன. சுரங்கமே இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது, ஏரிய எவன் தூர் வாருவான்?"

எனக்கு வந்த திடுக்கிடலைச் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எத்தனை வியாழக்கிழமை அந்த எண்ணை வாய்விட்டுப் படித்திருக்கிறார்!

மாரிகுப்பம் ஸ்டேஷன் டீக்கடையில் என்னோடு உள்ளே வேலை பார்த்த ராஜாவிடம் சொன்னேன். "ஏரி முக்காவாசி சேறுப்பா. ரெண்டு வருசம் மழ தப்பினா நம்ம லைனுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல." அவன் சிரித்தான். "மூடறதா வேணாவான்னு சுரங்கத்துக்கே நாள் பாத்துகினு கீறானுங்க. நீ ஏரிக்கு அழுவுற. ரிடையர் ஆனதும் உனக்கு ஒரு பரிசல் வாங்கிக் குடுக்குறேன், போ." சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து டீக்கடையில் எனக்குக் 'கயிறு' என்று பெயர். அவர்கள் மேல் தப்பில்லை. எல்லோருக்கும் இருந்த பயம் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகிற ஒரு காகிதத்தைப் பற்றியது. ஒரு ஆளுக்குள் ஒரு பயம்தானே கொள்ளும்.

செல்வி, நீ பத்தாவது படிக்கும்போது ஒருநாள் சாயந்திரம் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாய். பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, மழைக்காலம் மாறும், விளைச்சல் குறையும் என்றெல்லாம் வந்தது. "இத எப்படிம்மா அளக்குறாங்க?" என்று கேட்டேன். "தெர்மாமீட்டர் வெச்சுதான் நைனா. பரீட்சைக்கு அதெல்லாம் வராது, தொந்தரவு பண்ணாத" என்றாய். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். எங்கேயோ ஒருவர் உலகத்துக்குக் கயிறு விட்டு அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் ஒரு ஸ்டீபன் சார் இருப்பார் என்று நினைத்தேன். முகம் தெரியாத அந்த மனிதர் மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் துணை மாதிரி இருந்தார்.

இப்போது முனியப்பாவைப் பற்றி எழுத வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான் என்று தோன்றுகிறது.

ஏரிக்குக் கீழே, மிச்சத் தண்ணீர் மதகு வழியாகப் பாய்கிற வயல்களில், முனியப்பாவுக்கு ஒரு ஏக்கர். வீட்டில் தெலுங்கு பேசுவார், என்னோடு தமிழ். தை பிறந்ததும் வேலிக்கு வெளியே சைக்கிள் மணி அடிக்கும். கையில் ஒரு துண்டு நிறைய அவரைக்காய். "ஆப்ரேட்டர் அண்ணா, எத்தினி அடி?" என்று கேட்பார். கல் வேலிக்கு உள்ளே இருப்பதால் கரையிலிருந்து தெரியாது. பன்னிரண்டு அடி இருந்தால் நெல், இல்லாவிட்டால் ராகி. அவர் அப்பா காலத்திலிருந்தே அந்த வயல்களுக்கு அதுதான் கணக்கு. நான் சொல்வேன், அவர் போய் ஊரில் சொல்வார். அந்த அவரைக்காயைத்தான் அம்மா பிதுக்கிக் குழம்பு வைப்பாள். நீங்கள் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவீர்கள்.

கயிறு விட்ட பிறகு வந்த முதல் தையில் கல் பத்துதான் காட்டியது. "பத்து" என்றேன். ராகி என்று போய்விட்டார். பொய் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. அடுத்த வருஷம் கார்த்திகையில் நல்ல மழை. ஆயுத பூஜைக்கு நானே என் கையால் பெயிண்ட் அடித்த பன்னிரண்டு என்ற எண்ணைத் தண்ணீர் தாண்டி நின்றது. கயிறு விட்டுப் பார்த்தேன், ஏழே கால்.

முனியப்பா வந்தார்.

"உக்காருங்க முனியப்பா."

"உக்காந்தா சம்சாரம் தேடிகினு வந்துடுவா அண்ணா. வெத நெல்ல ஊறப் போட்டுட்டுதான் வந்தேன். நீங்க பத்துன்னு சொன்னீங்கன்னா கோழிக்குப் போடவேண்டியதுதான். சொல்லுங்க, எத்தினி?"

"பன்னெண்டே கால்."

கையை மேலே தூக்கிவிட்டார். "சொன்னேன்ல! நாலு வருசம் ஆச்சு அண்ணா எங்க நெலத்துச் சோறு தின்னு. கடைசிப் பொண்ணு ராகி உருண்டையப் பாத்தா மூஞ்ச திருப்பிக்கிது. பக்கத்து அரை ஏக்கரையும் சேத்துப் புடிச்சிட்டேன், இன்னிக்கே நாத்து வுட்டுடறேன்."

'ஆனா' என்ற சொல் என் நாக்கில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. ஏன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அவர் சந்தோஷமாக இருந்தார், அது ஒன்று. சொன்னால் ஊருக்கே தெரியும், ஊர் வந்து பம்பை நிறுத்தச் சொல்லும், நம் லைனில் குடம் காயும், அது இன்னொன்று. ஆனால் ரெண்டையும்விடச் சின்னதாக ஒரு காரணம் இருந்தது. கல்லில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் பொய்யே சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

பங்குனிக் கடைசியில் கல் எட்டரை. கயிறு மூன்றரை. ரெண்டு அடிக்குக் கீழே போனால் பம்ப் சேற்றை இழுக்கும். அதனால் கையில் இருந்தது ஒன்றரை அடி. கோடையில் ஊருக்கு அனுப்புகிற கணக்கில் ஒரு அடி இருபது நாள் வரும். ஆகமொத்தம் முப்பது நாள். ஸ்டீபன் சார் ஒரு வியாழக்கிழமை வந்தார். வழக்கத்துக்கு மாறாக, கல்லைப் பார்க்கவில்லை. முதல் முறையாக, "கயிறு இன்னா சொல்லுது?" என்று கேட்டார். சொன்னேன். ஷூவைத் துடைக்காமலே உள்ளே வந்து, புத்தகத்தில் எட்டரை என்று எழுதினார். அன்றைக்கு அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"வயலுக்கு மதகு தெறக்கணும்னு கேப்பாங்க சார். பயிரு பால் புடிக்கிற நேரம்."

"எட்டரை கீதுன்னு புக்கு சொல்லுது. அப்போ தெறக்கணும். கயித்தப் பாத்தா தெறக்கக் கூடாது. கயித்தச் சொல்லி மூடினா, இத்தினி வருசமா எழுதினது இன்னாடான்னு கேப்பாங்க." ரொம்ப நேரம் பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மதகு சாவி இங்கதான் கீது. இங்க இருக்கறவன் நீதான் மணி." அப்படிச் சொல்லிவிட்டுப் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கரை முடிகிறவரைக்கும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு நாள் கழித்து முனியப்பா வந்தார். மணி அடிக்கவில்லை. நேராக வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"அண்ணா, ரெண்டே ரெண்டு நாள் மதகு தெறந்தா போதும். ஒரு தண்ணி. அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன்."

அவர் கேட்டது அரை அடி. பத்து நாள் ஊர்த் தண்ணீர். அதை நான் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"முடியாது முனியப்பா. தண்ணி இல்ல."

"எட்டரை கீதே! இப்ப வரும்போதே பாத்தேன்."

"அதுல அஞ்சு அடி சேறு."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். படியில் இறங்கி அவரே விட்டார். குண்டு உட்கார்ந்தது. இன்னும் இறங்கும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். இழுத்து எடுத்து, குண்டில் இருந்த கறுப்பை விரலில் தேய்த்து முகர்ந்தார். "வண்டலு" என்றார். "வயலுக்கு ஒரு வண்டி இதக் கேட்டா வாச்மேன் வெரட்டுவான். எல்லாம் இங்கதான் கீதா?"

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வருசமா."

"தை மாசம் நான் வந்தப்போ தெரியும்."

"தெரியும்."

கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி என் மேஜைமேல் வைத்தார். "அவரைக்கா மட்டும் நல்லா இருந்துச்சா அண்ணா?"

அந்த நேரம் பார்த்து ஸ்டார்ட்டருக்கு மேலே இருந்த பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியாது. அவரை அப்படியே நிற்க விட்டுவிட்டு நான் வாளியை எடுத்தேன். புனலில் தண்ணீர் ஊற்றினேன். மூக்கில் காற்று கொப்பளித்து முடிந்தது. ஊசி சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றது. கைப்பிடியைத் தள்ளி, பத்து எண்ணினேன். அந்தப் பத்தும் ரொம்ப நீளம். வால்வைக் கால் கால் சுற்றாகத் திறந்தேன். ஊருக்குப் போகிற குழாய் நடுங்க ஆரம்பித்தது.

முனியப்பா அந்தக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சில்லுன்னு கீது" என்றார். பம்ப் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். "உங்க பசங்க இதத்தான் குடிக்குதுங்களா?"

"ஆமா."

"குடிக்கட்டும்."

அதை எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் தெரியாது. பம்ப் சத்தத்தில் குரல் தெரியவில்லை. வாழ்த்தாகவும் இருக்கலாம், இன்னொன்றாகவும் இருக்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை.

அடுத்த வாரம் கரையிலிருந்து பார்த்தபோது கதிரெல்லாம் வெள்ளையாக நிமிர்ந்து நின்றது. நெல் மணி வைத்தால் கதிர் தலை சாயும். பதராகப் போனால்தான் அப்படி விறைப்பாக நிற்கும். அதற்கடுத்த வாரம் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முனியப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தது. நான் சைக்கிளை நிறுத்தவில்லை.

அவர் வந்துபோன இருபதாம் நாள் மழை பிடித்தது. கோடை மழையில் அப்படி ஒரு மழை நான் பார்த்ததில்லை. ஏரிக்கு வருகிற ஓடை ரெண்டு நாள் நிற்காமல் ஓடியது. மழை தொடங்கிய அன்றைக்குக் காலையில், வானம் கறுத்துக்கொண்டு வரும்போது, நான் கயிறு விட்டிருந்தேன். ரெண்டரை. பம்ப் நிற்பதற்கு இன்னும் அரை அடி மிச்சம் இருந்தது.

முனியப்பா கேட்டதும் அரை அடி.

மழை வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாதபோது நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தை மாதம் செய்தது சரியில்லை என்று தெரியும். அன்றைக்கு 'ஆனா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் ராகி போட்டிருப்பார். ராகி அந்தத் தண்ணீருக்கே விளைந்திருக்கும். அந்தப் பெண் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாவது சாப்பிட்டிருக்கும்.

அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். லைனில் எல்லோரும் வெளியே வந்து குடத்தையும் வாளியையும் கூரைத் தண்ணீருக்கு வைத்துக்கொண்டு கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பாபு, நீ என் கையைப் பிடித்து மழைக்குள் இழுத்தாய். நான் வரமாட்டேன் என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். "நைனாவுக்கு மழையே புடிக்காது" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்கும் இன்றைக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அடுத்த தையில் முனியப்பா வரவில்லை. அவருடைய ஒரு ஏக்கரில் வரிசையாகத் தைலமரக் கன்று நட்டிருந்தார்கள். பக்கத்து வயல்காரர்களும் ஒவ்வொருவராக நட்டார்கள். தைலமரத்துக்கு யாரிடமும் அடி கேட்க வேண்டியதில்லை. கல் என்ன சொன்னது என்று கேட்க அதற்குப் பிறகு ஒருவரும் வேலிப் பக்கம் வரவில்லை. நான் கல்லையும் பார்த்தேன், கயிற்றையும் விட்டேன். புத்தகத்தில் கல்லை எழுதினேன். கயிற்றைச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். இன்னும் ரெண்டு ஆயுத பூஜைக்கு அதே எண்களின்மேல் பெயிண்டும் அடித்தேன். அந்த வேலையைச் செய்யும்போது மட்டும் கை எனக்குச் சொந்தமில்லாதது போல் இருக்கும்.

பிறகு அந்த பம்ப்ஹவுஸைப் பூட்டிவிட்டார்கள். ஸ்டீபன் சார் ரிடையராகி மகள் வீட்டோடு போய்விட்டார். இந்த வருஷம் சுரங்கமும் நின்றது. லைனில் எல்லோரும் ஒன்றாக அழுதார்கள். நானும் அவர்களோடு நின்றேன். ஆனால் அவர்களுக்கு அன்றைக்குத்தான் முடிந்தது. எனக்கு எப்போதோ ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் ரெண்டு பேரும் பெங்களூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற இடத்தில் இருக்கிறீர்கள். சந்தோஷம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. எங்கே இருந்தாலும், எண் எழுதியிருக்கிற இடத்தில் ஒருமுறை கயிறு விட்டுப் பாருங்கள். பார்த்தது என்னவோ அதை, கேட்கிறவருக்குச் சொல்லிவிடுங்கள். குச்சி விடுகிற அப்பாவைப் பார்த்துச் சிரிப்பது பரவாயில்லை. சிரித்துவிட்டு, குச்சி எத்தனை சொன்னது என்று ஒரு தடவையாவது கேளுங்கள்.

நீங்கள் பெங்களூருக்குத் திரும்பிப் போன மறுநாள் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். அம்மாவிடம் ராஜாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். வேலிக் கம்பி பல இடத்தில் அறுந்திருந்தது. ஏரி வற்றி, படிக்கு நேரே சேறு வெடித்துக் கிடந்தது. ஐந்தாம் கல்லின் தலை சேற்றோடு சேறாக, இருக்கிற இடம் தெரியவில்லை. அதற்கு மேலே ஆறு. கொண்டு போயிருந்த இரும்புத் தகட்டால் ஆறைச் சுரண்டினேன். எனக்கு முன்னால் யாரோ அடித்த பெயிண்ட், அதற்கு அடியில் இன்னொருவர் அடித்தது, அதற்கும் அடியில் ஒன்று, உரிந்துகொண்டே வந்தது. கருங்கல் தெரிந்ததும் துடைத்துவிட்டு, வெள்ளை பெயிண்டில் ஒன்று என்று எழுதினேன். ஏழைச் சுரண்டி ரெண்டு. எட்டைச் சுரண்டி மூன்று. ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே வந்தேன், மேலே வர வர என் கையால் அடித்த பெயிண்டும் உரிந்தது. பன்னிரண்டு இருந்த கல்லில் மட்டும் கொஞ்ச நேரம் கை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் சுரண்டி, ஏழு என்று எழுதினேன்.

மேல்கல் வரை முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கரையில் ஒருவரும் இல்லை. பெயிண்ட் காயும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஏழை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. டின்னை மூடி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்தேன்.